ஒரே ஒரு ராத்திரி: பெங்களூரிலிருந்து டிரெய்லரோடு ஊருக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வெள்ளிக்கிழமை மாலை எலக்ட்ரானிக் சிட்டியில் வேலையை முடித்துவிட்டு, காருக்குப் பின்னால் படுக்கை வைத்த சின்ன டிரெய்லரை மாட்டிக்கொண்டு மதுரைப் பக்கமோ நெல்லைப் பக்கமோ கிளம்புகிற தமிழ்க் குடும்பங்கள் இன்னும் குறைவுதான். ஆனால் அந்த வண்டியை ஓசூர் ரோட்டில் பார்த்துவிட்டு என்னிடம் விசாரிப்பவர்கள் நிறைய. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மலையடிவாரத்தில் இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்குவது வேறு கதை, அது இதில் வராது. இரவு பத்து, பதினொன்றுக்கு ஓரங்கட்டி, தூங்கி, விடியும்போது கிளம்பிவிடுகிற வழித்தங்கலைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

எதற்கு இவ்வளவு வேலை? கிருஷ்ணகிரியிலோ சேலத்திலோ லாட்ஜில் அறை எடுத்தால் போதாதா?

இரண்டு பேர் மட்டும் போகிறீர்கள் என்றால் லாட்ஜ்தான் நல்லது. நேர்மையாகச் சொல்கிறேன், ஒரு ராத்திரிக்காக மட்டும் யாரும் டிரெய்லர் வாங்க வேண்டாம்.

குழந்தை தூங்கிவிட்டது, அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியாது, நாயை எந்த லாட்ஜும் உள்ளே விடுவதில்லை என்கிற குடும்பங்களுக்குத்தான் இது உதவும். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ 90 கிலோமீட்டர், சேலம் 200, கரூர் 300, மதுரை 430க்கு மேல், திருநெல்வேலி 590க்குப் பக்கம். ஒரே மூச்சில் ஓட்டினால் பின்னிரவு இரண்டு மணிக்குக் கண் சொக்கும். நடுவில் ஐந்தாறு மணி நேரம் தூங்கிவிட்டுப் போனால் மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு ஊரில் இருக்கலாம்.

முகாம் போடுவதற்கும் வழியில் படுப்பதற்கும் ஏற்பாட்டில் என்ன மாறுகிறது?

கிட்டத்தட்ட எல்லாமே. முகாம் என்றால் நாற்காலி, பந்தல், அடுப்பு என்று எதையெல்லாம் வெளியே எடுக்கலாம் என்று யோசிப்போம். வழித்தங்கலில் எதையெல்லாம் எடுக்காமல் இருக்கலாம் என்று யோசிக்க வேண்டும். வண்டி நின்றதிலிருந்து விளக்கு அணைகிறவரை பத்து நிமிடத்துக்கு மேல் போனால் உங்கள் ஏற்பாட்டில் ஏதோ தேவையில்லாமல் இருக்கிறது.

அதனால் படுக்கை எப்போதும் விரித்தே இருக்கட்டும். பகலில் சோஃபா, இரவில் மெத்தை என்று மடிக்கிற வகையைக் கடைக்காரர் பெருமையாகக் காட்டுவார். பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அந்தப் பலகைகளை மாட்டிப் பாருங்கள், அப்போது தெரியும். படுக்கை மேல் பெட்டிகளை அடுக்காதீர்கள். பெரிய பெட்டிகள் காரின் டிக்கியில் இருக்கட்டும். இரவுக்கு வேண்டியது ஒரே ஒரு பை: மாற்றுடை, பிரஷ், மருந்து, டார்ச், செருப்பு. அந்தப் பை கதவைத் திறந்ததும் கைக்கு எட்ட வேண்டும்.

கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு விளக்குச் சுவிட்சும் வேண்டும். பல டிரெய்லர்களில் சுவிட்ச் உள்ளே எங்கோ மூலையில் இருக்கும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி முதலில் இதை மாற்றுங்கள்.

காரிலிருந்து டிரெய்லரைக் கழற்றாமலே படுக்கலாமா?

தாராளமாக. கழற்றவே கூடாது என்பது என் கட்சி. கழற்றினால் முன் ஜாக்கியை இறக்க வேண்டும், காலையில் மறுபடி காரைப் பின்னால் கொண்டுவந்து, காரின் பின்புறத்து இழுவைப் பந்தின் மேல் டிரெய்லர் கொக்கியை உட்கார வைக்க வேண்டும், சங்கிலி, மின்சாரப் பிளக் எல்லாம் மாட்ட வேண்டும். அரைத் தூக்கத்தில் செய்கிற வேலை இல்லை அது. இரவில் ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் உடனே கிளம்பவும் முடியாது.

கழற்றாமல் விட்டால் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். கார் கியரில், கைப்பிரேக் போட்டு இருக்கட்டும். டிரெய்லர் சக்கரத்துக்கு இருபக்கமும் முட்டுக்கட்டை கொடுங்கள். ரோட்டோரக் கல்லை நம்பாதீர்கள். ரப்பர் கட்டையோ மரக்கட்டையோ நீங்களே வைத்திருங்கள், காலையில் மறக்காமல் எடுக்க அதில் ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிடுங்கள்.

பின்பக்கத்துத் தாங்குகால்கள் இரண்டையும் தரையைத் தொடுகிற அளவுக்கு மட்டும் இறக்கினால், உள்ளே ஒருவர் புரண்டு படுக்கும்போது மற்றவர் ஆட மாட்டார். அவற்றால் வண்டியைத் தூக்க முயலாதீர்கள், அவை அந்த எடைக்குச் செய்யப்பட்டவை இல்லை. என்றாவது கழற்றிவிட்டுப் படுக்க நேர்ந்தால் அப்போது பின் தாங்குகால்கள் கட்டாயம். ஓர் அச்சு டிரெய்லரில் பின்பக்கம் இரண்டு பேர் ஏறினால் மூக்கு மேலே கிளம்பிவிடும்.

மின்சாரப் பிளக்கை மட்டும் இரவில் பிடுங்கி வையுங்கள். சில வண்டிகளில் டிரெய்லரின் விளக்கும் விசிறியும் கார் பேட்டரியிலிருந்தே இழுத்துக்கொண்டிருக்கும். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பீர்கள்.

மட்டம் பார்க்க வேண்டுமா?

இடம் வலம் மட்டும் பாருங்கள், முன் பின் கொஞ்சம் சாய்ந்தால் பரவாயில்லை. தலை உயரமான பக்கம் வருகிற மாதிரி தலையணையை மாற்றிக்கொண்டால் போதும். கொத்தனார் வைத்திருக்கும் சின்ன ரசமட்டம் ஒன்றை வாசற்படியில் ஒட்டிவிடுங்கள். சாய்வு தெரிந்தால் கட்டைகளை அடுக்குவதற்குமுன் வண்டியை ஒரு மீட்டர் முன்னால் நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் தாழ்ந்த பக்கச் சக்கரத்தை ஒரு சாய்வுக் கட்டைமேல் ஏற்றலாம்.

சரி, எங்கே நிறுத்துவது?

நிறையப் பேர் டிரெய்லரைப் பற்றியே யோசித்து இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். இடம் சரியாக அமைந்தால் மற்றக் குறைகளைச் சமாளித்துவிடலாம்.

தேசிய நெடுஞ்சாலை 44இல் தெற்கே போகிறவர்களுக்கு என் யோசனை: தொப்பூர்க் கணவாயை இரவில் இறங்காதீர்கள், அதற்கு முன்னாலேயே படுத்துவிடுங்கள். இதற்கு இரண்டு காரணங்கள். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்குகிற அந்தச் சரிவு விபத்துக்குப் பேர்போனது. பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் நிற்பவற்றில் மோதுவது அங்கே அடிக்கடி நடப்பது. பின்னால் டிரெய்லர் தள்ளிக்கொண்டு வரும்போது அதைப் பகல் வெளிச்சத்தில், தூங்கி எழுந்த கண்ணோடு இறங்குவதே நல்லது. இரண்டாவது வெக்கை. பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஓசூரும் கிட்டத்தட்ட அப்படித்தான். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 450 மீட்டருக்கு மேல். தொப்பூர் இறங்கினால் சேலம் 280 மீட்டருக்குப் பக்கம், கரூரில் இன்னும் கீழே. 150 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ ஒரு டிகிரி கூடும். சித்திரை, வைகாசியில் ஓசூரில் போர்வை கேட்கிற அதே டிரெய்லர் கரூரில் வியர்த்து ஒழுகும்.

ஆகவே இரவு எட்டு மணிக்குக் கிளம்பி அத்திப்பள்ளி டோல்கேட்டையும் ஓசூர் நெரிசலையும் தாண்டி, கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் நடுவே எங்காவது இடம் பிடிப்பது நல்ல கணக்கு.

இடம் என்றால் இரவு முழுக்கத் திறந்திருக்கும் பெரிய பெட்ரோல் பங்க், அல்லது பார்க்கிங் அகலமாக உள்ள நெடுஞ்சாலை உணவகம். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக இன்னொரு வழி இருக்க வேண்டும். டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது நாள்பட்ட பழக்கத்தில்தான் வரும், இருட்டில் அதைப் பழக வேண்டாம். நிறுத்தும்போதே மூக்கு ரோட்டைப் பார்த்து இருக்கட்டும்.

நெடுஞ்சாலையின் ஓரப்பட்டையில் மட்டும் ஒருபோதும் படுக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் இடதுபுறம் ஒதுங்குகிற லாரி முதலில் வந்து சேருவது அங்கேதான். சர்வீஸ் ரோடும் அவ்வளவு நம்பகமானது இல்லை, எதிர்த் திசையில் வருகிற வண்டிகள் அதிகம்.

பங்க்குக்குள் நிறுத்தும்போது டீசல் லாரிகள் வரிசையிலிருந்து தள்ளி நில்லுங்கள். குளிர்பதனப் பெட்டி வைத்த லாரி பக்கத்தில் வந்து நின்றால் அதன் மோட்டார் விடிய விடிய உறுமும். நாமக்கல் பக்கம் நின்றால் முட்டை லாரிகளும் கோழி லாரிகளும் அதிகாலையில் கிளம்புகிற சத்தத்துக்கும் தயாராக இருங்கள். தென்னை மரத்தடியில் நிறுத்தாதீர்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாழ்வான மண்தரையும் வேண்டாம். ராத்திரி பெய்தால் காலையில் சக்கரம் புதைந்திருக்கும்.

கேட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டுமா? காசு கேட்பார்களா?

கேளுங்கள். டீசல் போட்டுக்கொண்டே, “அண்ணே, குழந்தைங்க இருக்காங்க, காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவோம், அந்த ஓரமா நிறுத்திக்கலாமா?” என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. உணவகம் என்றால் அங்கேயே சாப்பிடுங்கள். வாட்ச்மேனுக்கு ஒரு டீயும் ஐம்பது, நூறு ரூபாயும் கொடுத்தால் ராத்திரி முழுக்க உங்கள் வண்டிமேல் அவர் கண் இருக்கும். வேண்டாம் என்று சொன்னால் வாதம் செய்யாமல் அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள். அதற்காகத்தான் பத்து மணிக்கே தேட ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

கேரவன் நிறுத்தித் தங்குவதற்கென்றே அமைத்த பூங்காக்கள் இல்லையா?

நம் வழியில் இல்லை. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்து, வாகமனில் பூங்காவும் திறந்தது. அங்கே போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம். வழித்தங்கலுக்கு அது பயன்படாது.

ஏசி வேண்டுமா? விசிறி போதுமா?

வழித்தங்கலுக்கு விசிறி போதும். கணக்கைப் பாருங்கள். 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ 1,280 வாட்-மணி இருக்கிறது. 20 வாட் விசிறிகள் இரண்டு எட்டு மணி நேரம் ஓடினால் 320. நான்கு போன்கள் சார்ஜ் ஆக 60. விளக்குகளுக்கு 15, 20. கம்ப்ரெஸர் வைத்த சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ் இருந்தால் ஒரு ராத்திரிக்கு இன்னொரு 150, 200. எல்லாம் சேர்ந்தும் பாதிப் பேட்டரிதான்.

ஏசி என்று வந்தால் இந்தக் கணக்கு உடைந்துபோகும். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி சராசரியாக 600 வாட் எடுத்தாலே எட்டு மணி நேரத்துக்கு 4,800 வாட்-மணி. அதே மாதிரிப் பேட்டரி நான்கு வேண்டும், அதற்கேற்ற இன்வெர்ட்டர் வேண்டும், அந்த எடையையும் இழுக்க வேண்டும். வருடத்தில் பத்து ராத்திரிக்காக இதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பணத்தில் மேட்டூர் பக்கம் நல்ல அறையே எடுத்துக்கொள்ளலாம்.

வெக்கையைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. பகலெல்லாம் வெயிலில் ஓடிய பெட்டிக்குள் சூடு அடைந்து கிடக்கும். சாப்பிட உணவகத்துக்குள் போகும்போதே கூரை விசிறியைக் காற்றை வெளியே தள்ளும்படி ஓடவிட்டு, எதிர்ப்பக்கத்துத் தாழ்ந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். தோசை தின்றுவிட்டு வருவதற்குள் உள்ளே வெளிக்காற்றின் சூடுதான் இருக்கும். கூரைக்கு வெள்ளை வெப்பத் தடுப்புப் பெயின்ட் அடித்தால் இன்னும் நல்லது. ஜன்னலுக்குக் கொசுவலை இல்லாத டிரெய்லரை வாங்கவே வாங்காதீர்கள். காற்றா கொசுவா என்று ராத்திரியில் முடிவெடுக்க வைக்கும்.

பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை வைத்துச் சமாளிக்கலாமா?

ஈய-அமிலப் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் சீக்கிரம் போய்விடும், எடையும் இரண்டு மடங்குக்கு மேல். அது ஹைட்ரஜன் வாயுவும் விடும், படுக்கிற இடத்தில் அது வேண்டாம். செலவு இடித்தால் சின்ன லித்தியம் பேட்டரியாக வாங்குங்கள்.

கார் ஓடும்போதே டிரெய்லர் பேட்டரி சார்ஜ் ஆகுமா?

விளக்குக்கான ஏழு பின் பிளக் வழியாக என்றால் உருப்படியாக ஆகாது. அதில் வருகிற கம்பி மெல்லியது. இப்போதைய பிஎஸ்6 கார்கள் பலவற்றில், ஓடும்போது மின்சாரம் கொடுக்கிற ஆல்டர்னேட்டர் மைலேஜுக்காகத் தன் வோல்டேஜை அவ்வப்போது இறக்கிக்கொள்ளும். அதனால் நேராகக் கம்பி இழுத்தால் சில நேரம் ஏறும், சில நேரம் ஏறாது.

காரிலிருந்து வரும் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் பேட்டரிக்குச் சீராக ஏற்றுகிற டிசி-டிசி சார்ஜர் ஒன்றை டிரெய்லரில் பொருத்தி, கார் பேட்டரியிலிருந்து குறைந்தது 10 சதுர மில்லிமீட்டர் கம்பி தனியாக இழுத்து, இரண்டு பேட்டரிக்குப் பக்கத்திலும் ஃபியூஸ் போடுங்கள். 20 ஆம்பியர் சார்ஜர் நான்கு மணி நேர ஓட்டத்தில் ஏறத்தாழ ஒரு கிலோவாட்-மணி ஏற்றிவிடும். ராத்திரி செலவழித்ததற்கு மேலேயே அது வரும். அப்புறம் சோலார் தகடு எதற்கு என்று கேட்டால், வழித்தங்கலுக்கு வேண்டியதில்லை. ஒரே இடத்தில் நாள்கணக்கில் நிற்கிறவர்களுக்குத்தான் அது.

உள்ளே சமையல் வசதி வைத்துக்கொள்ளலாமா?

வசதி இருக்கட்டும், வழியில் பற்ற வைக்காதீர்கள். ஓசூரிலிருந்து மதுரைவரை ராத்திரி பதினொன்றுக்கும் சூடான இட்லி கிடைக்கிற ரோட்டில் அடுப்பு மூட்டுவது வீண் வேலை. பாத்திரம் கழுவ வேண்டும், தண்ணீர் தீரும், உள்ளே வெக்கை ஏறும். பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியிருந்தால் தீக்குச்சி உரசுவதே குற்றம். குழந்தைக்குப் பால் சூடாக்கவேண்டும் என்றால் வீட்டிலிருந்தே வெந்நீரை நல்ல ஃபிளாஸ்கில் எடுத்து வாருங்கள், காலைவரை சூடு நிற்கும்.

ஊரில் போய்ச் சமைக்கச் சிலிண்டர் எடுத்துப் போகிறீர்கள் என்றால் 5 கிலோ சிறிய சிலிண்டர் போதும். நிமிர்த்தி, நகராமல் கட்டி, ஓட்டும்போதும் தூங்கும்போதும் வால்வை மூடி வையுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் இருக்கிற அறையின் அடியில் காற்றுத் துளை இருக்க வேண்டும். அந்தத் துளையைத் தூசி வருகிறது என்று துணி அடைத்து வைத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜெனரேட்டர்?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் புகையிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தூங்குகிறவர் இருமக்கூட மாட்டார், அப்படியே போய்விடுவார்.

உள்ளே கரி அடுப்பும் வேண்டாம், சாம்பிராணித் தட்டும் வேண்டாம். பக்கத்து வண்டி இன்ஜினை ஓடவிட்டு நின்றால் நீங்கள் இடத்தை மாற்றுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது, படுக்கை உயரத்தில் மாட்டுங்கள். எவ்வளவு குளிராக இருந்தாலும் ஒரு ஜன்னல் விரலளவு திறந்தே இருக்கட்டும்.

தண்ணீரும் கழிவறையும் எப்படி?

தண்ணீர் சுலபம். பெங்களூரில் எல்லார் வீட்டிலும் இருக்கிற அதே 20 லிட்டர் கேன் ஒன்று, அதன் தலையில் சார்ஜ் செய்கிற சின்ன பம்ப். வாஷ்பேசினுக்கு அடியில் ஒரு வாளி. பெரிய தொட்டி, குழாய் வேலையெல்லாம் ஒரு ராத்திரிக்குத் தேவைப்படாது.

கழிவறைதான் பெரிய கேள்வி. பங்க்கில் கழிவறை இருக்கும், இருக்கவும் வேண்டும். காற்று, குடிநீர், கழிவறை மூன்றையும் பங்க்கில் இலவசமாகக் கொடுப்பது எண்ணெய் நிறுவனங்கள் வைத்திருக்கிற விதி. அது எந்த நிலையில் இருக்கும் என்பது வேறு விஷயம். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவையோ குழந்தையையோ லாரிகளுக்கு நடுவே நடத்திக் கூட்டிப்போக மனம் வராது. ஆகவே கீழே தொட்டி வைத்த கையடக்கக் கழிவறைப் பெட்டி ஒன்றை உள்ளே வையுங்கள். சுற்றிலும் ஒரு திரை போதும். பக்கத்தில் ஒரு குவளையும் தண்ணீரும் இருக்கட்டும். வீட்டுப் பெண்கள் இந்தப் பயணத்துக்கு மறுபடி சம்மதிப்பார்களா என்பதை ஏசியோ மெத்தையோ முடிவு செய்வதில்லை, இந்தப் பெட்டிதான் முடிவு செய்கிறது.

நிறைந்த தொட்டியை வீட்டுக் கழிவறையிலோ, கேட்டுவிட்டுப் பங்க்கின் கழிவறையிலோ மட்டும் கொட்டுங்கள். வாய்க்காலில் கொட்டிவிட்டுப் போகிற ஆள் ஒருவர் இருந்தால் அடுத்த டிரெய்லருக்கு அந்த ஊரில் யாரும் இடம் தர மாட்டார்கள்.

பெண்களும் குழந்தைகளும் இருக்கும்போது பயமில்லையா?

வெளிச்சம், ஆள் நடமாட்டம், கேமரா மூன்றும் இருக்கிற இடத்தில் பயம் குறைவு. ஆளில்லாத அழகான ஏரிக்கரையில்தான் பயம் அதிகம். நிறுத்தியதும் இடத்தை வாட்ஸாப்பில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். திரையை மூடிய பிறகு உள்விளக்கைப் போடுங்கள். கார் சாவி, செருப்பு, டார்ச் மூன்றும் கதவோரம் ஒரே கொக்கியில் தொங்கட்டும். யாராவது கதவைத் தட்டினால் திறக்காமல் ஜன்னல் வழியே பேசுங்கள். ரோந்துப் போலீஸ் வந்து விசாரிப்பது சகஜம், ஆர்சியும் உரிமமும் காட்டினால் முடிந்துவிடும். அவசரத்துக்கு 112, நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

டிரெய்லர் வால் ஆட்டுகிறது என்கிறார்களே, ஏன்?

பாரம் பின்னால் போனால் ஆட்டும். டிரெய்லரின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். 600 கிலோ டிரெய்லர் என்றால் 60இலிருந்து 90 கிலோ. வீட்டில் எடை பார்க்கிற தராசைக் கொக்கிக்கு அடியில் ஒரு கட்டைமேல் வைத்தால் தெரிந்துவிடும். தண்ணீர்க் கேன், பேட்டரி, ஊரிலிருந்து திரும்பும்போது ஏற்றுகிற அரிசி மூட்டை எல்லாம் அச்சுக்கு நேர்மேலோ சற்று முன்னாலோ வரட்டும். தேங்காய் மூட்டையைக் கடைசியில் பின்கதவோரம் தள்ளிவிட்டு வருவதுதான் நம்மவர்கள் வழக்கம். திரும்பி வரும்போது வண்டி ஆடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஆட ஆரம்பித்தால் சடாரென்று பிரேக் அடிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், வேகம் குறைந்ததும் அடங்கும். தொப்பூரில் இறங்கும்போது சரிவு தொடங்குவதற்கு முன்பே கீழ் கியருக்கு வந்துவிடுங்கள். பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேலான டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். இங்கேயும் அந்த அளவைத் தாண்டினால் பிரேக் வைத்த டிரெய்லராகவே பாருங்கள். நான் 70க்கு மேல் போவதில்லை.

பட்டறையில் சொல்லி நாமே செய்துகொள்ளலாமா? கரூரில் பஸ்ஸே கட்டுகிறார்களே?

கட்டுகிறார்கள், அருமையாகவே கட்டுகிறார்கள். உள்ளே அலமாரி, படுக்கை வேலைக்குக் கரூர், நாமக்கல் கைகளைவிட நல்ல கை கிடைக்காது. ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் ஒரு மோட்டார் வாகனமாகத்தான் எண்ணுகிறது. அதற்கெனப் பதிவு, எண் பலகை எல்லாம் வேண்டும். ஆகவே அடிச்சட்டகமும் (சேஸி) அச்சும் ஒப்புதல் பெற்ற தயாரிப்பாளரிடமிருந்து ஆவணத்தோடு வரட்டும். காப்பீட்டு நிறுவனத்திடமும் டிரெய்லர் இழுப்பதைச் சொல்லி, பாலிசியில் எழுத்தாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஊர் முகவரியில் தமிழ்நாட்டுப் பதிவு வாங்கிவிட்டு பெங்களூரிலேயே வைத்திருக்க நினைப்பவர்களுக்கு: 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது அதே சட்டம்.

ஓடும்போது பாட்டி உள்ளே படுத்துக்கொண்டு வரலாமா?

கூடாது. படுக்கையில் சீட் பெல்ட் கிடையாது, சுவர் மெல்லிய பலகை. எல்லாரும் காரில்தான்.

கோவைக்குத் திம்பம் மலைப்பாதை வழியாகப் போகலாமா?

சாம்ராஜ்நகர் வழி தூரம் குறைவு என்று பெங்களூர்க் கோவைக்காரர்கள் எல்லாருக்கும் அதன்மேல் ஓர் ஆசை. டிரெய்லரோடு வேண்டாம். 27 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எதிரே ஏறுகிற வண்டி. சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் என்பதால் 2022 பிப்ரவரியிலிருந்து அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடையும் உண்டு, கார்களுக்கு இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை. பந்திப்பூர் வழியாக ஊட்டிக்குப் போனாலும் அதே ஒன்பது மணிக்கு வாசல் மூடிவிடும். நேரம் தவறிப்போய்க் காட்டோரச் செக்போஸ்ட்டில் டிரெய்லரோடு நிற்பது நல்ல வழித்தங்கல் இல்லை. சேலம், ஈரோடு வழியாகவே போங்கள்.

பெங்களூரில் டிரெய்லரை எங்கே வைத்திருப்பது?

அபார்ட்மென்ட் சங்கம் ஒத்துக்கொள்ளாது, கேட்டு மனம் நோகாதீர்கள். அல்சூர், மர்ஃபி டவுன் பக்கத்துத் தெருக்களில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தாலே நின்று பேச வேண்டியிருக்கிறது. சந்தாபுரா, ஆனேக்கல், ஓசூர் பக்கம் சுவர் வைத்த மனையில் மாத வாடகைக்கு இடம் பார்ப்பதே நல்லது. இதில் இன்னொரு லாபமும் உண்டு: சில்க் போர்டு நெரிசலில் டிரெய்லரோடு மாட்டிக்கொள்ளாமல், காரில் அங்கே போய் மாட்டிக்கொண்டு நேராக நெடுஞ்சாலை ஏறிவிடலாம். டயர் காற்றையும் பேட்டரியையும் முந்தின வாரமே ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள், நின்றபடியே இருக்கிற வண்டியில் இரண்டும் இறங்கும்.

காலையில் கிளம்புமுன் என்ன பார்க்க வேண்டும்?

வண்டியை ஒருமுறை சுற்றி நடங்கள், எப்போதும் ஒரே திசையில். தாங்குகால்கள் ஏறிவிட்டனவா, முட்டுக்கட்டை எடுத்தாயிற்றா, கூரை ஜன்னலும் வாசற்படியும் மூடியாயிற்றா, கொக்கிப் பூட்டும் சங்கிலியும் சரியா, பிளக் மாட்டியாயிற்றா. ஒருவர் பிரேக்கையும் இண்டிகேட்டரையும் போட, இன்னொருவர் பின்னால் நின்று விளக்குகளைப் பார்க்கட்டும். ராத்திரி யாராவது விளையாட்டுக்குக் கொக்கியின் பின்னைத் தளர்த்தியிருக்கலாம், அதனால் அதைக் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் அசைத்துப் பாருங்கள்.

கிளம்பி அரை மணி நேரத்தில் டீக்கு நிற்பீர்கள் அல்லவா, அப்போது டிரெய்லர் சக்கரத்தின் நடுப்பகுதியைக் கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் சரி. கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் கெட்டுக்கொண்டிருக்கிறது, அடுத்த ஊரிலேயே மெக்கானிக்கைப் பாருங்கள்.

நாயை உள்ளே படுக்க வைக்கலாமா?

வைக்கலாம், நிற்கும்போது மட்டும். பங்க்கில் இருக்கிற தெருநாய்களுக்கு உங்கள் நாய் வந்தது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ராத்திரி கடைசியாக வெளியே விடும்போது கயிறு போட்டே விடுங்கள். அது குரைத்தால் லாரிக்காரர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். கள்ளன் பக்கத்தில் வர மாட்டான்.